பிள்ளைகள் விழாவும் திரும்பி வந்த பைகளும்

(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





பழைய செயலவையில் இருந்தவர்களில் மிஞ்சியிருக்கும் நாங்கள் நான்கு பேர் கூடி உட்கார்ந்து எழுதிய உரை இது. ஒருவர் வாசிக்கிறார். கண் நன்றாகத் தெரிபவர் அவர் ஒருவர்தான் என்பது காரணம்.

சங்கம் கட்டடம் எழுப்பியதையும், ஜனாஸா நிதி தொடங்கியதையும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தந்த தலைப்பு 'நமது பிள்ளைகள் விழா'. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31 அன்று நாம் நடத்தும் சுதந்திர தின விழாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நல்லதைச் சொல்வோம். ஆனால் அந்த விழாவில் ஓர் ஆண்டு நாம் செய்த தவறையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஏன் இப்போது சொல்கிறோம் என்பது பிறகு விளங்கும்.

சுங்கை புரோங்கில் ஒரு பக்கம் நெல்வயல், உள்ளே போனால் செம்பனை. இந்தக் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை பயிரிட்டார்கள். நம் பாட்டன்மார் மரம் சீவ வந்தவர்கள் அல்லர். தோட்டத்தை ஒட்டிக் கடை வைத்தவர்கள், சைக்கிளில் துணி கொண்டுபோனவர்கள், பிறகு மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்றவர்கள். லயத்துப் பிள்ளைகள் 'ரொட்டி பாய்' ஹாரன் சத்தம் கேட்டால் ஓடி வரும். சம்பள நாள் வரைக்கும் 555 புத்தகத்தில் கணக்கு ஓடும். ஒரு புத்தகம் கடையில், ஒரு புத்தகம் வீட்டில். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம்கூட அந்தப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கும். நாம் எழுதியதை அவர்கள் சரிபார்த்ததில்லை. அதுதான் நமக்கிருந்த முதல்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், இரவில் அலறி எழுகிறது என்றால் லயத்துத் தாய்மார்கள் லெபையிடம் தூக்கி வருவார்கள். அவர் ஓதி ஊதுவார், தண்ணீர் ஓதிக் கொடுப்பார். நெற்றியில் திருநீற்றோடு வந்த பிள்ளை திருநீற்றோடுதான் திரும்பிப் போகும். அதை அவர் துடைத்ததில்லை. (ஓதி ஊதுவது கூடுமா கூடாதா என்று நம் இளைஞர்களுக்குள் இப்போது ஒரு விவாதம் இருக்கிறது. அதற்குள் இன்று போகவில்லை.)

இந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் பிள்ளைகள் விழா. சுதந்திர தினம் எல்லோருக்கும் பொது. நோன்புப் பெருநாளுக்கு நாம் கூப்பிட்டால் நம் விழாவுக்கு வருவார்கள், தீபாவளிக்கு அவர்கள் கூப்பிட்டால் நாம் அவர்கள் வீட்டுக்குப் போவோம். ஆகஸ்ட் 31க்கு யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை, திடலுக்கு வந்தால் போதும். சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், தாய்மார்களுக்குப் பந்து எறிதல், கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிப்பை.

இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அந்த ஆண்டு ஒரு நல்ல மனிதர் வெளியூரிலிருந்து பை வாங்கப் பெருந்தொகை தந்தார். கூடவே தமக்குத் தெரிந்த ஒரு சொற்பொழிவாளரையும் அழைத்து வந்தார். பத்து நிமிடம் பேசுவார் என்றார்கள். என்ன பேசுவார் என்று நாங்கள் கேட்கவில்லை. பணம் தருபவரிடம் கேள்வி கேட்கக் கூச்சம்.

பைகளை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு அவர் பேசினார். சொர்க்கத்தைப் பற்றி அழகாகவே பேசினார், பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டன. சொர்க்கத்துக்குப் போக ஆசைப்படுபவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எந்தப் பிள்ளை தூக்காது? பிறகு வீட்டில் கும்பிடும் உருவங்கள் பேசுமா, கேட்குமா என்று கேட்டார். அதற்குப் பிறகு கலிமாவைத் துண்டு துண்டாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு முதல் பை.

அறுபது எழுபது பிள்ளைகள் இருக்கும். முக்கால்வாசி லயத்துப் பிள்ளைகள். தொண்டை கிழியக் கத்தினார்கள். முன்வரிசையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், எங்களில் சிலருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவருக்கு வயிற்றைப் பிசைந்தது, ஆனால் அவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மாலை கடைத் திண்ணையில் ஒரு பை இருந்தது. உள்ளே நோட்டுப் புத்தகம், பென்சில் பெட்டி, எதுவும் தொடப்படவில்லை. வைத்துவிட்டுப் போன அம்மாள் சத்தம் போடவில்லை. "பாய், அரிசி கடனுக்குக் கேட்டா குடுங்க, இல்லாட்டி விடுங்க. புள்ளையக் கேக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அந்த வாரத்துக்குள் திண்ணையில் இருபதுக்கும் மேல் பைகள். இரண்டு மூன்று குடும்பங்கள் 555 கணக்கை ஒரே நாளில் தீர்த்துவிட்டுச் சீனர் கடைக்குப் போய்விட்டார்கள். எங்கிருந்து பணம் புரட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இலவசமாகக் கொடுத்ததைத் திருப்பித் தருவதா என்று. லெபைதான் எங்களை உட்காரவைத்துக் கேட்டார்: "என்கிட்ட ஓத வந்த தாய் ஒருத்தியாவது இப்படித் திருப்பிக் கொடுத்தாளா?" இல்லை. அங்கே தாய் தானாக வந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. யாரிடம் வருகிறோம், அவர் என்ன ஓதுவார் என்று தெரிந்தே வந்தாள். திடலில் தாய் இல்லை. அவள் பிள்ளையைச் சாக்கு ஓட்டத்துக்கு அனுப்பினாள். நாம் வேறொன்றைச் செய்தோம். ஓதியதில் தவறில்லை, தாய்க்குத் தெரியாமல் ஓதவைத்ததில்தான் தவறு என்று லெபை சொன்னபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

இது சட்டப்படி குற்றமா என்று அன்றே ஒருவர் கேட்டார். நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பில் 11ஆம் விதி ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதன் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்கிறது. சிலாங்கூரில் 1988ல் அப்படி ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளுக்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. ஆகவே நம் பிள்ளையிடம் வேறொருவர் இப்படிச் செய்தால் சட்டம் இருக்கிறது. நாம் அடுத்தவர் பிள்ளையிடம் செய்தால் அந்தச் சட்டம் நம்மைத் தொடாது. 12ஆம் விதி, தம் சமயமல்லாத சமயத்தின் போதனையையோ வழிபாட்டையோ எவர்மீதும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது, 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிப்பார் என்கிறது. நம் விழா பள்ளிக்கூடம் அல்ல, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று வாதாடலாம். வாதாடத் தெரிந்தவர்கள் நம்மிடையே உண்டு. சத்தமாகச் சொன்னால்தான் முதல் பை என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குக் கட்டாயமா இல்லையா என்பதை அந்த வழக்கறிஞர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

நம் அச்சம் எவ்வளவு பெரியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2011 ஆகஸ்ட் 3, நோன்பு மாதம். நம் சிலாங்கூரிலேயே டாமன்சாரா உத்தாமா மெதடிஸ்ட் தேவாலய வளாகத்தில் நடந்த ஒரு விருந்தில் மாநில இஸ்லாமிய சமயத் துறையினர் சோதனை நடத்தினார்கள். முஸ்லிம்களும் அங்கே இருந்தார்கள், மதப் பிரசாரம் நடக்கிறது என்பது சந்தேகம். தேவாலயம் மறுத்தது. யார்மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆனால் மாதக்கணக்கில் நாடே அதைப் பேசியது. 2020 ஜனவரியில் பூச்சோங் இடைநிலைப்பள்ளி ஒன்றில் சீனப் புத்தாண்டுக்குத் தொங்கவிட்ட சிவப்பு விளக்குக் கூடுகள்கூட முஸ்லிம் மாணவர்களுக்கு ஆகாது என்று ஓர் அரசியல் கட்சிக்காரர் புகார் செய்தார். விளக்குகள் இறங்கின. பிறகு அப்போதைய துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ வான் அசிசாவும் அமைச்சர்களும் நேரில் வந்து அலங்காரத்தை மீண்டும் தொங்கவிட உதவினார்கள். ஒரு காகித விளக்கில் நமக்குப் பிரசாரம் தெரிகிறது. கலிமா சொன்னால் பை என்றபோது எங்களுக்குத் தெரியவில்லை!

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கை உரை என்று அழைக்கப்பட்ட ஒருவர், முற்பிறவிப் பாவத்தால்தான் ஊனம் வருகிறது என்ற பொருளில் மாணவர்களிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எதிர்த்துக் கேட்டார். பேச்சாளர் கைதானதும் தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டதும் செய்தித்தாளில் வந்தவை. அதைப் படித்தபோது எங்களுக்கு அந்த ஆசிரியர்தான் மனதில் நின்றார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, விருந்தினர் முன்னால், அவர் கேட்டார். எங்கள் திடலில் கண் தெரிந்த நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம்.

நம் நாட்டில் பிள்ளையின் சமயம் என்றால் தாய்மார்களுக்கு நினைவு வருவது ஈப்போவின் இந்திரா காந்தி. பாலர் பள்ளி ஆசிரியை. 2009ல் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் அவர் அறியாமல் மதமாற்றம் செய்தார். கடைசிக் குழந்தைக்கு அப்போது 11 மாதம். ஒன்பது ஆண்டு வழக்கு நடந்து, 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடைசிக் குழந்தையைத் தகப்பன் கொண்டுபோயிருந்தார், தீர்ப்பு வந்த நாளிலும் அது தாயிடம் இல்லை. நம் திடலில் நடந்தது மதமாற்றம் அல்ல, அது வேறு, இது வேறு. ஆனால் லயத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்த வேறுபாட்டை யார் போய் விளக்குவது? அவள் கண்ணுக்கு இரண்டும் ஒரே வாசல்.

அந்த ஆண்டு நாங்கள் லெபையை முன்னே விட்டு லயம் லயமாகப் போனோம். தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், பெரியவர்கள் நடுவில், தவறு எங்களுடையது என்றோம். தேநீர் கொடுத்தார்கள். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அடுத்த இரண்டு ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் குறைவாகத்தான் வந்தார்கள், தாய்மார்கள் திடல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பைகளைக் கொண்டுவந்த அந்த அம்மாள் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவர் காலமானபோது நாங்கள் போனோம்.

அப்போது செயலவைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிய தீர்மானம் இன்றும் இருக்கிறது. பொது விடுமுறை நாளில், பொதுவாக அழைத்த பிள்ளைகள் நடுவில், எந்தச் சமயப் பேச்சும் கூடாது. மார்க்க வகுப்பு தனி, அது நம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் கையெழுத்தோடு. நன்கொடை தருபவர் மேடை கேட்டால் நன்கொடை வேண்டாம். இந்தக் கடைசி வரியால் நாம் இழந்த பணம் கொஞ்சமல்ல, பொருளாளர் அறிவார்.

இந்தப் பொன்விழா ஆண்டில் அந்தத் தீர்மானத்தைத் தளர்த்தலாம், விழாவில் ஒரு 'தஃவா அங்கம்' சேர்க்கலாம் என்று இளைஞர் பகுதியிலிருந்து ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் வந்த யோசனை. எத்திவைப்பது நம்மீது கடமையில்லையா என்று கேட்கிறார்கள். கடமைதான். வளர்ந்தவரிடம், அவர் முகத்தைப் பார்த்து, இன்ன விஷயம் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். பள்ளிவாசல் கதவைத் திறந்து வைத்து, பார்க்க வாருங்கள் என்று அழையுங்கள், நாங்களும் வருகிறோம். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் பற்றி சூரத்துல் பகராவின் 256ஆம் வசனம் என்ன சொல்கிறது என்று மதரசாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கைநிறைய மிட்டாயோடு அடுத்தவர் பிள்ளையின் முன்னால் குனிந்து உட்காரும்போது அந்த வசனத்தை மறந்துவிடுவது எவ்வளவு சுலபம் என்பதை மட்டும், அப்படி மறந்தவர்கள் என்ற முறையில், நாங்கள் சொல்லிவைக்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் யோசனை வாக்கெடுப்புக்கு வருகிறது. நாங்கள் நால்வரும் எதிர்த்து வாக்களிப்போம். வாக்களிக்கும் முன் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், தலைவர் சம்மதித்திருக்கிறார்.

இந்த ஆண்டு விழாவுக்கு எலுமிச்சம்பழக் கரண்டி, சாக்கு ஓட்டத்தோடு மாறுவேடப் போட்டியும் உண்டு. தாய்மார்களுக்கு இம்முறை திடல் ஓரத்தில் அல்ல, முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம். பிள்ளைகளின் பெயர்ப் பதிவுத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. லயத்துக்குக் கொண்டுபோக இரண்டு பேர் தேவை, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் உரை முடிந்ததும் எங்களை வந்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.