ஆசிரியரின் முறையீட்டை யார் கேட்பது?
(கடமலைக்குண்டு கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழுந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் மதுரைக்குப் போகாமலே பட்டம் பெற்றார்கள். இப்படி நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு நமக்குத் தருகிறது. "அப்படியானால் பிடிக்காத ஆசிரியரை உடனே அனுப்பிவிடலாமா?" என்று ஒரு கமிட்டிக்காரர் என்னிடம் கேட்டார். கூடாது!

துணைவேந்தர் சம்மதிக்காமல் கல்லூரி ஆசிரியரை நீக்க முடியாது, தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் நடுவரையும் அவரே நியமிப்பார் என்று குஜராத்தில் சட்டம் போட்டார்கள். அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இது சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று 1974இல் தீர்ப்பாயிற்று. நிர்வாகிகள் மகிழ்ந்தார்கள். சரி, வேலையிழந்த ஆசிரியர் எங்கே போவார்?

அதற்கான பதில் 2002இல், டி.எம்.ஏ. பாய் வழக்கில் வந்தது. பதினோரு நீதிபதிகள் சொன்னார்கள்: அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், தண்டிக்கப்பட்ட ஊழியர் முறையிட ஒரு தீர்ப்பாயம் வேண்டும், அதுவரை மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவர் அதற்குத் தலைமை வகிக்கலாம்.

கடைப் பையனைக்கூடக் கணக்குக் காட்டாமல் நிறுத்தினால் நமக்கு உறுத்துமே! அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: குற்றம் சாட்டியவரே விசாரணைக்கும் உட்காருகிறாரா?