மை விரயம்

(மேச்சேரியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், போட்டோ ஸ்டூடியோ நடத்தும் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்.)



கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பெரியோர் பேசிய இம்மேடையில், போட்டோ அச்சிடும் மையைப் பற்றிப் பேச ஒருவன் வந்தானே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம்மவரில் வாலிபர் பலர் கடன் வாங்கி ஸ்டூடியோ வைக்க முற்பட்டிருக்கிறார்கள். வாடகைக்கும் வட்டிக்கும் கணக்கு வைக்கும் அவர்கள் மைக்குக் கணக்கு வைப்பதில்லை. கைமுதல் அவ்வழியே கரைந்து போவதை நான் என் கடையிலேயே கண்டேன்.

இங்க்ஜெட் பிரிண்டரில் 'ஹெட்' என்னும் உறுப்பே பிரதானமானது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் பலவற்றில் வழங்கும் எப்ஸன் எல்805 என்னும் ஆறு வர்ண யந்திரத்தின் ஹெட்டில், வர்ணத்திற்கு 90 வீதம் 540 துவாரங்கள் உள்ளன. அவற்றினின்று விழும் மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு! இத்தனை நுண்ணிய வாயில் மை உலர்ந்தால் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஆகையால் யந்திரம் தானாகவே ஹெட்டின்மீது ஒரு ரப்பர் மூடியைப் பொருத்தி, சிறு பம்பினால் மையை உறிஞ்சி வெளியேற்றுகிறது. இதையே 'கிளீனிங்' என்கிறோம். அந்த மை காகிதத்தைக் காண்பதில்லை; அடியிலுள்ள பஞ்சு மெத்தைக்குப் போய்ச் சேருகிறது. அடைபட்டது ஒரு வர்ணமே ஆயினும், அநேக யந்திரங்கள் எல்லா வர்ணங்களையும் சேர்த்தே உறிஞ்சும். ஒரு பிள்ளையின் குறும்புக்கு வகுப்பு முழுவதும் அடி வாங்கிய கதைதான்.

அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் பத்திரிகையார் 2013-ல் இதைச் சோதித்தார்கள். தொடர்ச்சியாக அச்சிடாமல், இடையிடையே நாட்களை விட்டுச் சில பக்கங்கள் மாத்திரம் அச்சிட்டுப் பார்த்தார்கள். பல யந்திரங்கள் தங்கள் மையில் பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் காகிதத்திற்குத் தந்தன.

விட்டுவிட்டு அச்சிடுவது என்றேனே, நமது தொழிலே அப்படிப்பட்டதன்றோ? வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத்திற்கு முகூர்த்தம் ஓய்வில்லை. மாசியில் பத்ரகாளியம்மன் திருவிழாவுக்கு வருவோரும் படம் கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலுமோ பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டு யாரேனும் வந்தால் அதுவே பாக்கியம். ஆடிக் காற்றில் யந்திரம் சும்மா கிடக்க, மை உலர்கிறது.

என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆடி மாதத்தில், மாலையில் கடை சாத்தும்போது சுவரிலுள்ள சுவிட்சை அமர்த்திவிட்டுப் போவது என் வழக்கமாயிருந்தது. அதனால் சில நாட்களில் ஹெட் மூடியில் அமராமல் திறந்தபடியே நின்றிருக்கிறது. படத்தில் கோடு விழுந்தது. கிளீனிங் கொடுத்தேன், போகவில்லை. ஆத்திரத்தில் ஒரே மாலையில் ஏழெட்டு முறை கொடுத்தேன். மைத் தொட்டியின் பக்கத்தில் அடையாளத்திற்காக ஒட்டியிருந்த காகிதத் துண்டைப் பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. அம்மாதம் அச்சிட்ட படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மையோ கால் தொட்டி இறங்கியிருந்தது. பின்பு சில வாரங்களில், கழிவு மெத்தை நிரம்பிவிட்டதென்று அறிவித்து யந்திரம் அடியோடு நின்றுவிட்டது. மெத்தை மாற்றும் செலவும் தலையில் விழுந்தது.

நிற்க. யந்திரத்தை அதன் சொந்தப் பொத்தானாலேயே நிறுத்த வேண்டும்; அப்போதுதான் ஹெட் தன் இடம் சென்று மூடிக்கொள்ளும். அச்சிடும் நடுவில் மின்சாரம் போனாலும் இதே தீங்கு நேருமாதலால், ஒரு சிறு யூ.பி.எஸ். வைத்துக்கொள்வது உசிதம். மேட்டூர் அனல் மின்நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் 2012-ல் நாம் இருட்டில் உட்கார்ந்திருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். சில யந்திரங்கள் ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் சிறிது மையைக் கழிக்கும். அவற்றை நாளுக்குப் பத்துத் தடவை நிறுத்தி எழுப்பாமல், வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே முறையில் முடிப்பது நலம்.

கோடு விழுந்தால் உடனே கிளீனிங் பொத்தானில் கை வைக்கலாகாது. முதலில் 'நாஸில் செக்' எடுத்துப் பாருங்கள். அதற்குச் செலவாகும் மை அற்பம். கோடுகள் முழுமையாயிருந்தால் குற்றம் ஹெட்டில் இல்லை. காகிதத் தேர்விலோ வேறெதிலோ இருக்கும். உடைந்திருந்தால் ஒரு முறை கிளீனிங், மறுபடி செக். மூன்று முறைக்கும் தீராவிடில் நிறுத்தி வைத்து, 12 மணி நேரமாவது கழித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த மை இளகவும், உள்ளே புகுந்த காற்றுக் குமிழி அடங்கவும் அந்த அவகாசம் வேண்டியிருக்கிறது. என் யந்திரம் மறுநாட் காலையில் தானே சரியாயிற்று. முந்தின நாள் ஊற்றிய மை அத்தனையும் வீண்.

கிளீனிங்கே வேண்டாமென்று அதை ஏதேனும் தந்திரத்தால் தடுத்து வைப்பாரும் உளர். அது சரியன்று. ஹெட் போனால் யந்திரமே போன மாதிரி.

வேலையில்லா மாதங்களில் நான் இப்போது செய்வது இதுதான். நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை, எல்லா வர்ணங்களும் கலந்த 4×6 படம் ஒன்றை அச்சிடுகிறேன். காகிதம் தண்டம் என்று என் இல்லாள் முதலில் குறைப்பட்டாள். தண்டமாக்குவானேன் என்று, நம் குடும்பங்களில் முதியோரின் பழைய படங்களைப் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியிலிருந்து வாங்கி அச்சிட்டுத் தருகிறேன். சென்ற ஆடியில் அச்சிட்டவற்றில் ஆறு படங்களும், தொட்டியில் ஒட்டியிருந்த அந்தப் பழைய காகிதத் துண்டும் இந்தப் பையில் இருக்கின்றன. கூட்டம் கலைந்தபின் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். தம் வீட்டுப் பெரியவர் படம் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.