துக்க வீட்டின் அடுப்பு

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்வி எல்லா மதத்தாரிடமும் உண்டு. விடைகள்தாம் வேறு. முன்வினைப் பயன் என்பதும், இன்பதுன்பங்களைச் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதும் இந்து சகோதரர்களின் நம்பிக்கை. ஆசையே துன்பத்தின் வேர் என்றார் புத்தர். சிலுவையில் துன்பப்பட்டவர் தம் துன்பத்திலும் உடனிருக்கிறார் என்பது கிறிஸ்தவர்களின் ஆறுதல். நாமோ சுகம், துக்கம் இரண்டையுமே இறைவனின் சோதனை என்கிறோம். சுகத்தில் ஷுக்ரு, துக்கத்தில் சபூர். முஃமினுக்கு இரண்டிலும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரணம் நிகழ்ந்த வீட்டு வாசலில் நிற்கும்போது, எல்லாச் சமயங்களும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் சொல்கின்றன.

குழந்தையை இழந்து அரற்றிய கிசா கோதமியிடம், சாவே நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். வீடு வீடாக ஏறி இறங்கியவள், தான் தனியாக இல்லை என்பதை உணர்ந்தாள். யூதர்கள் ஏழு நாள் துக்கம் காக்கிறார்கள். அடக்கம் முடிந்ததும் உண்ணும் முதல் உணவு அண்டை வீட்டார் கொண்டு வருவது. நம் ஊர் இந்துக் குடும்பங்களிலும் துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல், உறவினர் சமைத்துக் கொண்டு வரும் வழக்கம் உண்டு. முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்தாருக்கு உணவு சமைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? பல இடங்களில் மய்யித் வீட்டாரே வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறார்கள். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று கடன் வாங்கி விருந்து வைக்கிறார்கள். சம்பாதித்தவரை இழந்த வீட்டில் இத்தா முடிவதற்குள் கடன்காரர் வந்து நிற்கிறார். இது சுன்னத்தைத் தலைகீழாக்குவது அல்லவா?

இன்னொன்று. அழுகிறவரிடம், "சபூர் செய்யுங்கள்" என்று சொல்லி வாயை அடைக்கிறோம். தம் பிள்ளை இப்ராஹீம் மவுத்தானபோது நபி (ஸல்) அவர்களின் கண்களே கலங்கின. யூசுஃபை இழந்த யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின. ஆனாலும் அவர்கள் பொறுமையாளரே. அழுகை சபூருக்கு எதிரி அல்ல.

மகிழ்ச்சிக்கும் இதே அளவுகோல்தான். ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது, ஏழை வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக. பணக்காரரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா விருந்தை நபி (ஸல்) அவர்கள் மிக மோசமான உணவு என்றார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் மீனவ மக்களுக்குச் சோறு போட்டார்கள். யார் எந்த மதம் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

நம் வேண்டுகோள் இதுதான்: உங்கள் தெருவில் எந்த மதத்தார் வீட்டில் மரணம் நிகழ்ந்தாலும் முதல் வேளைச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து போகட்டும். அவர்கள் வழக்கம் என்ன என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அறிவுரையைப் பிறகு சொல்லலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த மனத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.