குளிர் நாட்டில் ஒரு கருவேப்பிலைக் கன்று

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில், இயந்திரவியல் துறை 2011ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்துட்டு வந்திருக்கே, அந்த அனுபவத்தைப் பேசு" என்றார். ரோபோ, ஆட்டோமேஷன் என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது கருவேப்பிலையைப் பற்றி. தலைப்பைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, இருபது நிமிஷத்துக்குள் முடிச்சிடு" என்றார். முயற்சி செய்கிறேன்.

கதை ஜெர்மனியில் தொடங்கவில்லை. இங்கே, நமது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012ல் டைம்லர் லாரி ஆலை என்று அடுத்தடுத்து வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான கம்பெனிகள். நான் டிரெயினியாகச் சேர்ந்தது அப்படி ஒன்றில். அங்கே கொரிய நாட்டு அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் ஒரு ஃபைலைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் எடுத்துத் தர அந்த அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஈரத்தாளில் சுருட்டிய விதைகள். கேட்டதற்கு, பெரில்லா என்று அவர்கள் சோற்றுக்கு மடித்துச் சாப்பிடும் ஒரு கீரையின் விதை என்றார். கொஞ்ச நாள் குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்குமாம். நமது ஊரில் குளிருக்கு எங்கே போவது? அதனால் ஃபிரிட்ஜ்.

அன்றைக்கு ரூமுக்கு வந்து நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "விதைக்கு ஏ.சி. போடுறாங்கடா!"

அந்தச் சிரிப்புக்கான தண்டனை பத்து வருஷம் கழித்து வந்தது. 2021 அக்டோபரில் கம்பெனி என்னை ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு அனுப்பியது. மனைவி, நான்கு வயது மகளுடன் போய் இறங்கினேன். எனக்காவது ஆபீஸ் இருந்தது. இங்கே பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்த மனைவிக்கு நான்கு சுவரும் ஜன்னலும்தான். டிசம்பரில் அங்கே பகல் எட்டேகால் மணி நேரம். நமக்குச் சென்னையில் வருஷத்தின் மிகச் சிறிய பகல்கூடப் பதினொன்றே கால் மணிக்குக் குறைவதில்லை. நாலரைக்கு இருட்டிவிடும் ஊரில், ஒருநாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது, "ஒரு கொத்துக் கருவேப்பிலைக்கு பஸ் ஏறிப் போகணும். அதுவும் கறுத்துப்போய் இருக்கு. ஒரு செடி இருந்தா பேச்சுத்துணையாவது இருக்கும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாகப் படவில்லை.

செடிதானே! இஞ்சினியர் அல்லவா, ஆர்டர் போட்டேன். காய்ந்த விதை 20 வந்தது. நல்ல தொட்டி, தென்னை நார்க்கழிவு, ஜன்னலோரம். தினமும் தண்ணீர். இரண்டு மாதம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. பொறுக்கமுடியாமல் தோண்டிப் பார்த்தேன். உள்ளே பொடிப்பொடியாக இருந்தது.

ஏன் என்று எனக்குச் சொன்னவர் ஒரு தாவரவியல் பேராசிரியர் அல்ல. அந்த நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1985ல் அங்கே போய்ச் சேர்ந்தவர். கடையின் பின்புறம் பெரிய தொட்டியில், சக்கரம் வைத்த பலகையின்மேல், ஆள் உயரத்துக்கு ஒரு கருவேப்பிலை மரம். கோடையில் வெளியே உருட்டுவார், குளிரில் உள்ளே உருட்டுவார். பாரிஸில் இருந்த உறவினர் வீட்டு மரத்தின் பழத்திலிருந்து வளர்த்ததாம். என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, காய்ஞ்ச கொட்டை செத்த கொட்டை. அது முளைக்காது. புரட்டாதி மட்டும் பொறுங்கோ, இந்தக் கறிவேப்பிலை பழுக்கும். பழமாத் தாறன்."

நாம் கருவேப்பிலை என்கிறோம், அவர்கள் கறிவேப்பிலை என்கிறார்கள். நமது புரட்டாசி அவர்களுக்குப் புரட்டாதி. 'மட்டும்' என்றால் 'வரைக்கும்'. மற்றபடி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

விதைகளில் இரண்டு சாதி உண்டு. நெல், மிளகாய், தக்காளி போன்றவை காய்ந்தால்தான் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். மா, பலா, ரப்பர், கருவேப்பிலை போன்றவை காய்ந்தால் செத்துப்போகும். 1973ல் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி முதல் வகைக்கு 'ஆர்த்தடாக்ஸ்' என்றும், இரண்டாவது வகைக்கு 'ரிகால்சிட்ரன்ட்', அதாவது முரண்டு பிடிப்பவை என்றும் பெயர் வைத்தார். கருவேப்பிலைப் பழத்தைப் பறித்து மூன்று நான்கு நாளுக்குள் சதையை நீக்கி விதைத்துவிட வேண்டும் என்றுதான் நமது கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. நமது ஊரில் அதற்குக் காலம் ஜூலை, ஆகஸ்ட். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி கருவேப்பிலைக்கும் பொருந்துகிறது.

மாணவர்களுக்காக இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. தென் அமெரிக்காவில் விக்டோரியா என்ற ராட்சத அல்லி இருக்கிறது. அதை இங்கிலாந்தில் வளர்க்க எவ்வளவோ பேர் முயன்றும் பலிக்கவில்லை. 1849ல் ஒருவர் விதைகளைச் சுத்தமான தண்ணீர் நிரப்பிய சிறு குப்பிகளில் போட்டு அனுப்பினார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்துவிட்டன. அதில் ஒரு கன்றை வாங்கிப்போன ஜோசப் பாக்ஸ்டன், சூடாக்கிய தொட்டியில் வைத்து அதே ஆண்டு நவம்பரில் பூக்க வைத்தார். அந்த இலையின் அடியில் இருக்கும் விலா எலும்பு போன்ற அமைப்பைக் கவனித்த அதே பாக்ஸ்டன்தான், 1851ல் திறக்கப்பட்ட லண்டனின் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்தார். ஸ்ட்ரக்சர் பாடம் நடத்த ஒரு செடிக்கும் தெரிந்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் பெரியவர் கறுப்பாகப் பழுத்த பழங்களை ஒரு கைப்பிடி கொடுத்தார். அன்று இரவே சதையை எடுத்துக் கழுவினோம். மகளுக்குக் கை முழுக்கப் பிசுபிசுப்பு, ஒரே சந்தோஷம். 24 விதை தேறியது. இந்தத் தடவை நான் இஞ்சினியராக நடந்துகொண்டேன். எட்டு எட்டாக மூன்று இடத்தில் வைத்தேன். ஒன்று படுக்கையறை ஜன்னல் திண்டு. இரண்டு, ஹாலில் இருக்கும் வெந்நீர் ஹீட்டரின் தலைமேல். மூன்று, விதைக்கென்றே விற்கும் சூடு தரும் மின்விரிப்பு, தெர்மோஸ்டாட்டை 27 டிகிரியில் நிறுத்தி. மூன்றிலும் தெர்மோகப்பிளை மண்ணுக்குள் செருகினேன்.

அப்போதுதான் முதல் விஷயம் புரிந்தது. அறையின் சுவரில் தொங்கிய மீட்டர் 20 டிகிரி காட்டியது. அதே அறையில் ஜன்னல் திண்டில் இருந்த மண் 15 டிகிரி. கல் திண்டு கீழிருந்து குளிர்விக்கிறது, கண்ணாடி பக்கத்திலிருந்து குளிர்விக்கிறது, ஈரம் ஆவியாகி மேலிருந்து குளிர்விக்கிறது. கருவேப்பிலை 16 டிகிரிக்குக் கீழே போனால் வேலைநிறுத்தம் செய்யும் செடி. ஹீட்டர்மேல் இருந்த மண்ணோ பகலில் 38, ராத்திரி ஹீட்டர் அணைந்ததும் 17. மின்விரிப்பு மட்டும் இரவும் பகலும் 27.

முடிவு என்ன தெரியுமா? ஜன்னல் திண்டில் பூஜ்யம். ஹீட்டர்மேல் 2. மின்விரிப்பில் 7. ஒரே மரம், ஒரே நாள் பறித்த பழம், ஒரே மண்.

ஒன்பது கன்றும் பிழைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஈரம் போகக்கூடாது என்று பிளாஸ்டிக் மூடியைத் திறக்காமலே வைத்திருந்தேன். நாற்றழுகல் வந்து மூன்று கன்று அடித்தண்டு கருகிச் சாய்ந்தது. முளைத்ததும் மூடியைத் திறந்து காற்று விட்டிருக்க வேண்டும். முளைக்கும்வரை கேட்பது சூடு, முளைத்தபின் கேட்பது வெளிச்சம். டிசம்பர் ஜன்னல் வெளிச்சம் போதாமல் கன்றுகள் நூல் மாதிரி நீண்டன. எல்.இ.டி. விளக்கு வாங்கி ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரியவிட்ட பிறகுதான் தண்டு திரண்டது. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுவிடும். சிலந்திப்பேன் வந்து ஒன்றை முடித்தது. மீதி ஐந்தை இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காப்பாற்றியவர் என் மனைவி. குளிரில் தண்ணீரைக் குறைக்கவேண்டும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். குளிர்ந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகும்.

நமக்கு ஆடிப்பட்டம் மாதிரி ஜெர்மன்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மே 11 முதல் 15 வரை வரும் புனிதர் நாட்களை 'பனிப் புனிதர்கள்' என்பார்கள். கடைசி நாள் 'குளிர் சோஃபி'. அவர் போகும்வரை குளிர் தாங்காத செடியை வெளியே வைக்காதே என்பது அவர்கள் தாத்தா காலத்துச் சொல். நான் ஒழுங்காகக் காத்திருந்து, மே 16ஆம் தேதி ஐந்தையும் ஒரேயடியாக பால்கனி வெயிலில் வைத்தேன். தென்னிந்தியச் செடிக்கு ஜெர்மன் வெயில் எம்மாத்திரம் என்ற நினைப்பு! இரண்டே நாளில் இலைகள் வெளுத்துக் காகிதம் ஆயின. இரண்டு கன்று போயிற்று. விளக்கில் வளர்ந்த இலைக்கு வெயிலே தெரியாது. முதலில் நிழலில், பிறகு தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்கியிருக்க வேண்டும்.

கடைசியில் நின்றவை மூன்று. 2023 நவம்பரில் திரும்பி வரும்போது அவற்றைக் கொண்டுவர முடியவில்லை. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் செடியை நாடு விட்டு நாடு கொண்டுபோகக்கூடாது. ஐரோப்பாவில் 2019 டிசம்பர் 14லிருந்து பயணப் பெட்டியில் வரும் விதைக்கும் கன்றுக்கும் சான்று வேண்டும். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. இது வெறும் காகித வேலை இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கருவேப்பிலையிலும் விரும்பி முட்டையிடும். வெளிநாடு போகப்போகிற மாணவர்கள் தயவுசெய்து பெட்டிக்குள் பழத்தை ஒளிக்க வேண்டாம். அங்கேயே ஒரு பெரியவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கன்றோடு மனிதரும் கிடைப்பார்.

ஒரு கன்றை, நாங்கள் ஊருக்கு வந்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டிக்குக் கொடுத்தோம். ஒன்றை எனக்குப் பின் வந்த தமிழ் இஞ்சினியர் குடும்பத்துக்கு. மூன்றாவதைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். தாய் மரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, "பேத்தி வந்திட்டா" என்றார். இன்னொரு செய்தியையும் அன்று அவரிடம் சொன்னேன். கருவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று ஒரு சொல் இருக்கிறது. அது 1768ல் நமது தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகளை ஆராய்ந்த கோனிக் என்பவரின் பெயர். அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து நமது செடியைப் படித்தார். நாம் அங்கே போய் அதை வளர்க்கிறோம். கணக்கு சரியாகிவிட்டது என்று சிரித்தார்.

இனி சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். மேடையில் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். மாணவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

2018ல் நான் லைன் இஞ்சினியர். தென்மாவட்டத்திலிருந்து ஒரு டிப்ளமோ பையன் டிரெயினியாகச் சேர்ந்தான். முதல் மூன்று வாரத்தில் இரண்டு தடவை பாகத்தை மாற்றிப் பொருத்தினான். ஒருநாள் நின்றபடியே தூங்கினான். "தேறாது" என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் ஊருக்குப் போய்விட்டான். பிறகுதான் அவனுடைய ரூம் நண்பன் சொன்னான். ஒரகடம் பக்கம் ஒரு அறையில் பதினோரு பேர். இவனுக்கு நைட் ஷிஃப்ட். பகலில் படுக்க இடமில்லை. கேன்டீன் சாப்பாடு தவிர வேறு சாப்பாடும் இல்லை. அவனைத் தேடிப் பார்த்தேன், போன் நம்பர் மாறியிருந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஜன்னல் திண்டின் மண்ணில் 15 என்று பார்த்த ராத்திரி எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது. சுவரில் தொங்கிய மீட்டரைப் பார்த்து "அறை சூடாகத்தானே இருக்கிறது, விதைதான் சரியில்லை" என்று எழுதியவன் நான்.

அதனால் ஒரு கோரிக்கை. இந்த ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் நமது கல்லூரிப் பழைய மாணவர்கள் ஏராளமானோர் வேலை செய்கிறோம். ஒவ்வொரு வருஷமும் நமது பிள்ளைகள் இங்கே டிரெயினியாக வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியரின் பெயரும் போன் நம்பரும் கொடுக்கும் ஏற்பாட்டைச் சங்கம் செய்ய வேண்டும். அந்தச் சீனியர் முதல் மாதத்தில் ஒருமுறையாவது அவன் அல்லது அவள் தங்கியிருக்கும் அறைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று. அவ்வளவுதான். பணம் வேண்டாம். பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, முதல் மாதம் உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். விளக்கிலிருந்து வெயிலுக்கு வருகிறீர்கள். இலை கொஞ்சம் வெளுத்தால் பயப்படாதீர்கள். வெட்கப்படாமல் போன் பண்ணுங்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து போன வாரம் போட்டோ வந்தது. பேத்தி பூத்திருக்கிறதாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.