முற்றத்துக் காரும் ஒழுகும் எண்ணெயும்

கடல் நீரில் விளக்கெரியும் ஊர் முள்ளியவளை. வைகாசி மாதத்தில் வட்டாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் நிகழுமுன்னர், சிலாவத்தைக் கடற்கரையில் எடுக்கப்படும் தீர்த்தம் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அந்த உப்பு நீரில் அங்கே விளக்கு எரிகின்றது என்பது வன்னி மக்களின் தொன்றுதொட்ட நம்பிக்கை. அம்மனின் விளக்குக்குக் கடல் நீர் போதும். ஆனால் அப்பொங்கலுக்கு அடியாரை ஏற்றிவரும் பழைய மொறிஸ் மைனர் காரோ எண்ணெய் இன்றி ஒரு மைல் தூரமும் நலமாக ஓடமாட்டாது. அந்த எண்ணெய் எஞ்சினுள் நில்லாமல் முற்றத்து மணலில் ஒழுகத் தொடங்கினால், வீட்டுக்காரர் தம் கையாலேயே செய்யத்தக்கது யாது? அதுவே இப்பேச்சின் பொருள்.

பழைய காரைப் பேணுவது வன்னியில் வெறும் பொழுதுபோக்கு அன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர், எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் வடபகுதிக்கு வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் வீதியில் நின்று பிடித்தவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் போன்ற பழைய வண்டிகளே. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி அவற்றை ஓட்டினர். நோயாளரையும் பேறுகாலத் தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை அவை. 2002ஆம் ஆண்டில் போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டித் தடைகள் தளரும்வரை அந்நிலை நீடித்தது.

அவ்வாறு ஓடிய எஞ்சின்களிடமிருந்து ஒரு பாடம் கிடைத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். அளவுக் கம்பியை இழுத்துப் பார்ப்பவருக்கு எண்ணெய் குறையாதது மட்டுமன்றிக் கூடியிருப்பதாகவுந் தோன்றும். உண்மையில் அது நீர்த்துப்போன எண்ணெய். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழப்பதோடு, சிறிய இடுக்கு எதிலும் புகுந்து வெளியே வந்துவிடும். ஆகவே கம்பியிலுள்ள எண்ணெயின் உயரத்தை மட்டும் பார்த்தல் போதாது. விரலிடையே தேய்த்து அதன் தடிப்பையும், முகர்ந்து அதன் மணத்தையும் அறிதல் வேண்டும். பெற்றோலில் ஓடும் காரிலும், எரிபொருட் பம்பியின் தோல் கிழிந்தால் இதே கேடு நிகழக்கூடும்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் முள்ளியவளை மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, முள்ளிவாய்க்காற் பகுதியில் எண்ணற்ற வாகனங்கள் துருவேறிக் கிடந்தன. ஊர் திரும்பியவருட் பலர் வண்டியின்றியே திரும்பினர். பின்னர் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. கையிலுள்ள பழைய வண்டியைக் காப்பதன் அருமை இவற்றால் விளங்கும்.

ஒரு துளிதானே என்று எண்ணிவிடலாகாது. பத்து விநாடிக்கு ஒரு துளி வீதம் எண்ணெய் ஒழுகுவதாகக் கொண்டால், ஒரு மணித்தியாலத்தில் 360 துளிகள் ஆகும். இருபது துளியை ஒரு மில்லிலீற்றர் எனக் கணக்கிட்டால் அது 18 மில்லிலீற்றர். பத்து மணித்தியால ஓட்டத்தில் 180 மில்லிலீற்றர். மொறிஸ் மைனர் எஞ்சின் கொள்ளும் எண்ணெயோ ஏறக்குறைய மூன்றரை லீற்றர் மாத்திரமே. கவனிப்பாரற்றுப் போனால், நடுக்காட்டு வீதியில் எண்ணெய் அமுக்க விளக்குச் சிவந்தெரியும். அப்போது காரை உடனே நிறுத்தாவிடின் தாங்கிகள் உருகி எஞ்சின் இறுகிவிடும்.

முள்ளியவளையில் ஒரு வீட்டை மனத்திற் கொள்ளலாம். வேப்பமர நிழலில் பழைய கார் நிற்கின்றது. அதன் கீழே கரிய எண்ணெய் வட்டம் ஒன்று. மகன் ஸ்பனரும் கையுமாக ஓடிவருகின்றான்.

"எல்லா நட்டையும் நல்லாய் இறுக்கிவிட்டால் நிற்குந்தானே, அப்பா?"

"பொறு, தம்பி. இறுக்கினால் தகடுதான் வளையும். எங்கேயிருந்து வருகுதென்று முதலிலே பார்."

தந்தை கூறியதே முறை. வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நோயின் காரணத்தைத் தேடுவதுபோல, ஒழுக்கின் பிறப்பிடத்தைத் தேடுதலே முதற் கடமை. முதலில் ஒழுகுவது யாது என்று அறிதல் வேண்டும். இரவில் காரின் கீழே ஒரு கடதாசி மட்டையை விரித்து வைத்தால் காலையில் அது விடை சொல்லும். கபிலமாகவோ கருமையாகவோ இருப்பது எஞ்சின் எண்ணெய். தடித்துக் காரமான மணம் வீசுவது பின்னச்சுப் பெட்டியின் எண்ணெய். சக்கரத்தின் அருகே மெல்லிய திரவம் சொட்டுமாயின் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம்; அவ்வாறாயின் அந்தக் கார் திருத்தப்படும்வரை வீதியில் இறங்கவே கூடாது.

எஞ்சின் எண்ணெய்தான் என்று தெளிந்தபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது அதன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு கழுவித் துணியால் நன்கு துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் முற்றாக உலர்ந்த பின்னரே எஞ்சினை இயக்கலாம். ஐயமான இடங்களில் முகத்துக்கிடும் பவுடரை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தால், எண்ணெய் ஊறும் இடத்தில் வெண்தூள் கறுத்து நிற்கும். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் சொட்டும் இடத்தை நம்பாமல், ஈரமான பகுதிகளுள் யாவற்றினும் உயர்ந்ததும் முன்னுள்ளதுமான இடத்தைத் தேடுக.

அடுத்து, பலர் மறந்துவிடும் ஒன்றைப் பார்த்தல் நன்று. எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கும் வாயு வெளியேறுவதற்கு ஒரு மூச்சுக்குழாய் வைக்கப்பட்டிருக்கின்றது. அதனை அழுக்கு அடைத்துவிட்டால், உள்ளே அமுக்கம் பெருகி, நல்ல காஸ்கட்டின் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். அக்குழாயைக் கழற்றிக் கழுவிய மாத்திரத்தில் நின்றுபோன ஒழுக்குகள் உண்டு. இதற்குக் காசு செலவில்லை.

மூச்சுக்குழாய் சீராக இருந்தும் எண்ணெய் மேல்மூடியின் விளிம்பிலிருந்து வருமாயின், அங்குள்ள தக்கைக் காஸ்கட்டைப் பார்க்க வேண்டும். கராச்சுகளில் டப்பட் கவர் எனப்படும் அம்மூடி இரண்டு நட்டுகளால் மாத்திரம் பிடிக்கப்பட்டுள்ளது. அதனைக் கழற்றி, பழைய தக்கையை மரத்துண்டினாற் சுரண்டி நீக்கி, விளிம்பு வளைந்திருந்தால் பலகைமீது வைத்து மெல்லத் தட்டி நேராக்க வேண்டும். கடையில் நெடுநாட் கிடந்த தக்கைக் காஸ்கட் காய்ந்து சுருங்கியிருக்கும். சிறிது நேரம் நீரில் ஊறவிட்டால் அது விரிந்து பொருந்தும். நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கித் தக்கை சற்றே அமுங்கியவுடன் நிறுத்துக.

கடதாசிக் காஸ்கட் வேண்டிய இடத்துக்கு அதனை வீட்டிலேயே வெட்டலாம். தடித்த கடதாசியை அந்த உலோக முகத்தின்மேல் பரப்பி, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகிலும் மெதுவாகத் தட்டினால் அச்சு விழும். அந்த அச்சின் வழியே கத்தரிக்கலாம். உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் இக்கைத்திறமே வன்னிக் கராச்சுகளைக் காத்தது. இன்று சிலிக்கன் பசை எங்குங் கிடைக்கின்றது. ஆயினும் அதனை மெல்லிய கோடாகவே இடல் வேண்டும். மிகையாக இட்ட பசை உட்புறமாகப் பிதுங்கி, உடைந்து விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஒழுக்கை நிறுத்தப்போய் எஞ்சினையே இழக்கும் வழி அது.

எண்ணெய் வடிக்கும் ஆணியின் கீழுள்ள செப்பு வளையம் இன்னோர் இடம். அதனை ஒவ்வொரு முறையும் மாற்றுதல் நன்று. இயலாவிடின் செந்தணலாகக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மென்மை அடையும்.

காரின் கீழே புகுமுன் உயிர்க்காவலை எண்ணுக. முள்ளியவளை மணற்பாங்கான நிலம். ஜக் அதில் புதையும். ஆகவே அதன் கீழே அகன்ற தடித்த பலகை வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி எவரும் வண்டியின் கீழே படுத்தலாகாது. உறுதியான மரக்குற்றிகளைச் சட்டத்தின் கீழே இருபுறமும் வைத்து, நிலத்திலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பின்னரே கீழே செல்லலாம். சீமெந்துக் கற்களை அடுக்குதல் கூடாது. அவை முன்னறிவித்தல் இன்றி நொறுங்கிவிடும். பற்றரியின் இணைப்பையும் கழற்றிவிடுக. மூடிய கொட்டிலினுள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தலும் உயிருக்கு ஆபத்தானது.

வீட்டில் தீராத ஒழுக்கும் ஒன்று உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1952 முதல் அதிற் பொருத்தப்பட்ட எஞ்சினின் சுழலச்சுப் பின்முனையில் இறப்பர் முத்திரை இல்லை. அதற்குப் பதிலாகத் திருகாணிப் புரி போன்றதொரு வெட்டு உண்டு. அச்சுச் சுழலும்போது அப்புரி எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றதும் அதன் தொழிலும் நின்றுவிடும். ஆகவே நிறுத்திய பின் ஓரிரு துளி சொட்டுதல் அவ்வெஞ்சினின் இயல்பு. கிளச்சு அறையின் அடியிலுள்ள துளையில் பிளவு ஆணியொன்று தொங்குவது, அத்துளை அடைபடாமல் அத்துளிகள் வெளியேறுவதற்கே. அந்த ஆணியைக் கண்டு துளையை அடைத்துவிட்டால் எண்ணெய் கிளச்சுத் தட்டில் ஏறும். வண்டி ஏற்றத்தில் வழுக்கும். அவ்விடத்தில் ஒழுக்கு மிகுந்தால் எஞ்சினை இறக்கியே பார்க்க வேண்டும். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

கடைசியாக, வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது? வேலிக் கதியாலுக்குக் கறையான் பிடியாதிருக்கப் பூசுவதும், புழுதி அடங்க முற்றத்தில் ஊற்றுவதும் பழைய வழக்கம். இன்று அதனைக் கைவிட வேண்டும். மணல் நிலத்தில் ஊற்றியது மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். அந்தக் கிணற்று நீரையே வீட்டுக் குழந்தைகள் பருகுகின்றனர். பழைய எண்ணெயில் புற்றுநோய் விளைக்கும் பொருள்களும் உண்டு. அதனை மூடியுள்ள கானொன்றிற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் இடத்திற் கொடுப்பதே தக்கது. வேலை முடிந்ததும் கைகளைப் பெற்றோலால் அன்றிச் சவர்க்காரத்தால் கழுவுக.

வேப்பமர நிழலில் வேலை முடிந்தது. அன்றிரவு தந்தையும் மகனும் புதிய மட்டையொன்றைக் காரின் கீழே விரித்தனர். விடிந்ததும் மகன் ஓடிச்சென்று பார்த்தான். கிளச்சு அறைக்கு நேர்கீழே இரண்டே இரண்டு துளிகள்.

"இன்னும் ஒழுகுதே, அப்பா!"

"அது அந்த எஞ்சினுடைய பழக்கம், தம்பி. இனி மாஞ்சோலை ஆசுபத்திரிக்கு எந்தச் சாமத்திலும் பயமில்லாமல் எடுக்கலாம்."