‘இதுல வராது, சார்!’

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற கணினிப் பயிற்சியில் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டற்ற மென்பொருள் உள்ள கணினியில் இங்க்ஜெட் பிரிண்டரை இணைப்பது எப்படி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன். ஒயரைச் செருகினால் ஆயிற்று, இதற்கு ஒரு பேச்சா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்து நிமிட வேலை என்று தொடங்கினேன். ஒன்பது நாள் ஆயிற்று.

நான் கணினி ஆசிரியர் இல்லை. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளை எடுக்கும் இடைநிலை ஆசிரியர். பிரிண்டர் பக்கம் என்னைத் தள்ளியது ஒரு மாணவி.

நான்காம் வகுப்பில் படிக்கிற அந்தக் குழந்தை வாய்க்கணக்கில் வகுப்பிலேயே முதல். கதை சொன்னால் மறுநாள் அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாசிக்க மாட்டாள். வீட்டில் பயிற்சி இல்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். உள்ளடக்கிய கல்விச் சிறப்பாசிரியர் ஒருநாள் வந்து அவளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “சார், இந்தப் பிள்ளைக்கு எழுத்தே தெரியல” என்றார். படிக்கத் தெரியவில்லை என்று சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கண் மருத்துவர் கண்ணாடி கொடுத்தார். கண்ணாடி போட்டாலும் ஓரளவுதான் தெரியும் என்றும் சொன்னார். எழுத்து 24 புள்ளி அளவில், தடிப்பாக, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு இருக்க வேண்டும் என்று சிறப்பாசிரியர் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கெட்ச் பேனாவால் கையில் எழுதிப் பார்த்தேன். ஒரு பாடத்துக்கு இரண்டு மாலைகள் போயின. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கலாமே என்பீர்கள். ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எழுத்து 1.41 மடங்குதான் பெரிதாகும். 12 புள்ளி எழுத்து 17 ஆகும், 24 ஆகாது. இரண்டாம் பருவத் தொகுத்தறித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. இந்த நேரத்தில்தான் முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் சேர்த்து ஒரு சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளிக் கணினியில் இருப்பது பாஸ் லினக்ஸ். சென்னையில் உள்ள சி-டாக், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. நம் மாணவர்களுக்கு வந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே இருந்ததே, அதேதான். பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

பெட்டியில் ஒரு குறுந்தகடு இருந்தது. போட்டேன், அது விண்டோஸுக்கு மட்டும். கடைக்குப் போன் செய்தேன். ஒரு தம்பி வந்து பார்த்தார். “லினக்ஸா? இதுல வராது, சார். ஐந்நூறு ரூபா கொடுங்க, விண்டோஸ் ஏத்திடுறேன்” என்றார். எந்த விண்டோஸ் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைமையாசிரியையிடம் சொன்னேன். “வேலை நடக்கணும் சார். ஆனா காப்பியடிக்கக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்ற இடத்துல திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம்” என்றார். தம்பியை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவனைப் போனில் பிடித்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி: “சார், பிரிண்டர் வந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுதா?” அது எனக்குத் தோன்றவே இல்லை. டெர்மினல் என்ற கறுப்புச் சன்னலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டச் சொன்னான். யுஎஸ்பி துளைகளில் செருகியிருக்கும் எல்லாப் பொருள்களின் பட்டியலும் வரும். ஒவ்வொன்றுக்கும் நிறுவனக் குறியீடு ஒன்று இருக்கும். 03எஃப்0 என்றால் எச்பி, 04பி8 என்றால் எப்சன், 04ஏ9 என்றால் கேனன். என் பட்டியலில் மவுஸ் இருந்தது, விசைப்பலகை இருந்தது, பிரிண்டர் இல்லை.

அப்படியென்றால் சிக்கல் லினக்ஸில் இல்லை, ஒயரில். மேசை எட்டவில்லை என்று ஒரு நீட்டிப்பு ஒயரை நடுவில் மாட்டியிருந்தேன். அச்சுப்பொறிக்கான யுஎஸ்பி ஒயர் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. என்னுடையது அவ்வளவு நீளம் இல்லை, ஆனால் மலிவு ஒயர். மேசையை நகர்த்தி, பெட்டியோடு வந்த ஒயரைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகினேன். மறுபடி ஐந்து எழுத்து. பிரிண்டர் பெயர் வந்துவிட்டது. கடைத் தம்பி ‘வராது’ என்று சொன்னபோதும் இந்த ஒயர்தான் மாட்டியிருந்தது.

அடுத்தது மொழி. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அலுவலகங்களில் உள்ள பெரிய லேசர் பிரிண்டர்களில் பலவற்றுக்கு, ‘இந்த இடத்தில் இந்த எழுத்து’ என்றால் புரியும். நாம் வாங்கும் மலிவு இங்க்ஜெட்டுக்கு எழுத்து, வரி, பக்கம் எதுவும் தெரியாது. எந்தப் புள்ளியில் எந்த நிற மையைத் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினிதான் கணக்குப் போட்டு, அந்தப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் அனுப்ப வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். லினக்ஸில் இந்த வேலைகளையெல்லாம் மேற்பார்க்கிற மென்பொருளின் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதி 1999-இல் வெளியிட்டது. 2007-இல் ஆப்பிள் நிறுவனம் அதை வாங்கித் தன் மேக் கணினிகளிலும் அதையே வைத்திருந்தது. ஆகவே ‘லினக்ஸில் பிரிண்டர் வராது’ என்பவர்களிடம், மேக்கில் ஓடுவதும் அதே கப்ஸ்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

நான் அவசரப்பட்டேன். பட்டியலில் எங்கள் மாடல் இல்லை. பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போன ஒன்றைத் தேர்ந்து, சோதனைப் பக்கத்தை அனுப்பினேன். தாள் உள்ளே போனது, மேலே ஒரு வரி கிறுக்கலோடு வெளியே வந்தது. அடுத்த தாளிலும் ஒரு வரி கிறுக்கல். அதற்கடுத்ததிலும் அதே. பதறிப்போய் சுவிட்சை அணைத்தேன். போட்டவுடன் மறுபடி தொடங்கியது. முப்பது தாள் காலி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிரிண்டரை அணைத்தால் பயனில்லை. வேலை இருப்பது கணினியின் வரிசையில். அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 631 என்று அடித்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். இணைய இணைப்பு தேவையில்லை, அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். பிரிண்டர்கள், காத்திருக்கும் வேலைகள் எல்லாம் அங்கே தெரியும். அந்த 631-ஐ மட்டும் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி சரியான டிரைவர். எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு, எச்பி நிறுவனமே தருவது. எப்சன் இங்க்ஜெட்டுகளுக்கு எஸ்கப்ர் என்று முடியும் தொகுப்பு. பழைய மாடல்கள் பலவற்றுக்குக் குட்டன்பிரிண்ட். மூன்றையும் சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவியிலேயே தேடி எடுக்கலாம், எங்கேயும் பணம் கேட்காது. அதில் கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில், டெப் என்று முடியும் கோப்பைத் தேட வேண்டும். அதில் 32 பிட், 64 பிட் என இரண்டு வகை இருக்கும். நம் கணினி எது என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். நான் முதலில் மாற்றி இறக்கி ஒரு மாலையை வீணாக்கினேன். சரியானதைப் போட்டபின் எங்கள் மாடலின் பெயர், எழுத்துப் பிசகாமல் பட்டியலில் வந்து நின்றது. சோதனைப் பக்கமும் வண்ணத்தோடு வந்தது. இரவு ஏழரை மணி. காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன், வேறு யாரும் இல்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2010-க்குப் பிறகு வந்த அந்த வகை பிரிண்டர்கள் ஒரு பொது மொழியைப் பேசும், தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. 2021-இல் வந்த டெபியன் 11 முதல் யுஎஸ்பி ஒயர் வழியாகவும் அப்படி அச்சிடும் வசதி சேர்ந்துவிட்டது. கடைத் தம்பிகளிடம் கேட்பதைவிடப் பெட்டியைப் படிப்பது மேல்.

இடையில் ஒரு கதை. எல்லோரும் கையில் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இந்த மென்பொருள் உலகம் எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு பிரிண்டரிலிருந்து. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் இருந்தார். பிரிண்டர் ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடியில். தாள் சிக்கினால் யாருக்கும் தெரியாது. தாள் சிக்கியதும் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி, பழைய பிரிண்டரின் நிரலை அவர் மாற்றி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் தாள் சிக்கியது, ஆனால் அதன் மூல நிரலைத் தரவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்த நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஸ்டால்மனுக்கு ஆறவில்லை. 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். நம் பாஸின் வேர் அங்கேதான் போகிறது. முப்பது தாள் வீணான அன்று இரவு இதைப் படித்தபோது, எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

வினாத்தாளுக்கு வருவோம். உடன் பணியாற்றும் ஆசிரியை தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய வானவில் எழுத்துருவில் அடித்தது. அது இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். யுனிகோடில் மறுபடி அடித்தேன். தயவுசெய்து எல்லோரும் யுனிகோடில் அடியுங்கள், 2010-லேயே தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டாயிற்று.

24 புள்ளியில் ஏழு பக்கம் வந்தது. அச்சிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி பாதியாக வெட்டுப்பட்டது. தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருந்தது. அது அமெரிக்க அளவு, 279 மில்லிமீட்டர் உயரம். நம் ஏ4 297. அமைப்பில் ஏ4 என்று மாற்றியதும் சரியாயிற்று. பெரிய எழுத்துத் தாளில் ஒரு வரி போனால் ஒரு கேள்வியே போய்விடும், பாருங்கள்.

தேர்வு நாள் காலை 8.45. இரண்டாவது பிரதி எடுக்கப் போனால் எதுவும் வரவில்லை. பெருக்க வந்தவர் மேசையை நகர்த்தியதில் ஒயர் கழன்றிருந்தது. மாட்டினேன், அப்போதும் வரவில்லை. ஒயர் கழன்றபோது கப்ஸ் அந்தப் பிரிண்டரை ‘நிறுத்தப்பட்டது’ என்று குறித்து வைத்துவிட்டது. ஒயரை மாட்டினாலும் அந்தக் குறிப்பு தானாகப் போவதில்லை. 631 பக்கம் போய், பிரிண்டரின் பெயரைச் சொடுக்கி, மீண்டும் தொடங்கு என்பதைக் கொடுத்தேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், கையில் வைத்திருங்கள். 8.52-க்கு முதல் தாள் வெளியே வந்தது.

அந்தக் குழந்தை தாளை வாங்கினாள். வழக்கம்போல மூக்கருகே கொண்டு போனாள். பிறகு கொஞ்சம் தள்ளி வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். மேசைமேல் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த பையன், “சார், எனக்கும் பெரிய எழுத்துல வேணும்” என்றான்.

பராமரிப்பு பற்றி ஒன்றே ஒன்று. மாலையில் பள்ளியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்கிறோம் அல்லவா? அதற்கு முன்னால் பிரிண்டரை அதன் பொத்தானை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் மை தெளிக்கும் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். நேராக மின்சாரத்தை நிறுத்தினால் திறந்தபடியே நின்று மை காய்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கமாவது எடுங்கள். கோடை விடுமுறையில் யாராவது ஒருவர் பள்ளிக்குப் போகும்போது இதையும் செய்யட்டும்.

மதிய உணவுக்குப் பிறகு இதோ இந்த மேசையில் இருக்கிற பிரிண்டரை உங்களில் ஒருவர் இணைக்கப் போகிறார், நான் தொட மாட்டேன். பழைய விலையில்லா மடிக்கணினி கொண்டு வந்திருப்பவர்கள் சார்ஜில் போட்டு வையுங்கள். நீட்டிப்பு ஒயர் யாராவது வைத்திருந்தால் பையிலேயே இருக்கட்டும்.