குன்னத்தில் தெரியாத ஏடு



1860களில் அரியலூர்ச் சீமையில் ஒரு குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. தந்தை வேங்கடசுப்பையர் இசை வல்லவர். ராமாயணக் கதை சொல்லிப் பிழைத்தவர். கதை கேட்டு நெல்லும் பணமும் தரும் ஊரில் சில காலம் தங்குவார்கள். பிறகு வண்டி கட்டிக்கொண்டு அடுத்த ஊர். வீட்டில் ‘சாமா’ என்று அழைக்கப்பட்ட மகனுக்குத் தமிழ் மீது தீராத பித்து. அதனால் அந்தக் குடும்பம் ஊர் தேடும்போது வயிற்றுப்பாட்டோடு இன்னொரு கணக்கையும் பார்த்தது: அங்கே பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா?

அரியலூரில் இருந்தார், சடகோபையங்கார். தமிழின் சுவையை முதலில் காட்டியவர் அவர். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், அவரிடம் நன்னூல் இலக்கணம். பிறகு பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார், அவரிடம் காரிகை என்னும் யாப்பு நூல். எல்லாமே இந்த மண்ணின் ஊர்கள். அங்கே கல்லூரி கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஒருவருக்குத் தெரிந்ததை அவர் வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டு, அது முடிந்ததும் அடுத்தவரைத் தேடிப் போன படிப்பு. கடைசியில் ரெட்டியார்தான் வழி சொன்னார்: இனி மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிப்பதே சரி.

1871இல் அந்தப் பையன் மாயூரம் போய்ச் சேர்ந்தான். சாமிநாதன் என்ற பெயர் நிலைத்தது அங்கேதான். உலகம் பின்னாளில் உ.வே. சாமிநாதையர் என்று அறிந்தவர் அவர்.

பட்டமளிப்பு மேடைகளில் குறிக்கோள் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் தங்கள் குறிக்கோளை எழுதி வைத்திருந்தார்களாம். 20 ஆண்டு கழித்துப் பார்த்தால், மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தையும் விட இவர்களின் சொத்து அதிகமாக இருந்ததாம். எத்தனையோ தன்னம்பிக்கை நூல்களில் இது அச்சாகியிருக்கிறது. 1990களில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதன் மூலத்தைத் தேடிப் போனது. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. இல்லாத ஆய்வைக் காட்டி இளைஞர்களை உசுப்பேற்றுவது அவர்களுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. இன்று பட்டம் வாங்குபவர்களில் பலருக்கு அடுத்த ஆண்டு என்ன செய்வது என்றே இன்னும் தெரியாது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீடு திரும்புபவர், ‘எழுதி வைக்காத நான் அந்த 97இல் ஒருவன்’ என்று மனம் ஒடிந்து போவார். அப்படி ஒடிந்துபோக ஒரு காரணமும் இல்லை.

நிஜமாக நடந்த ஆய்வுகள் உண்டு. அரியலூர்க்காரர்களுக்கு உடனே புரியக்கூடிய ஒன்று லாரி பற்றியது. எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ‘முடிந்தவரை செய்’ என்று சொல்வதை விட, தெளிவான, சற்றே கடினமான ஓர் இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். கேரி லேத்தம் என்பவர் இதை மரம் வெட்டும் காடுகளில் சோதித்துப் பார்த்தார். மரம் ஏற்றிய லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம் மட்டுமே சுமந்து போயின. 94 சதவீதம் என்று ஓர் எண்ணை இலக்காக வைத்தார்கள். கூலி கூட்டவில்லை, புதுக் கருவி எதுவும் தரவில்லை. சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தைத் தாண்டியது. 1975இல் வெளிவந்த ஆய்வு இது. சட்டம் விதித்த எடைக்குள்தான் அந்த இலக்கு நின்றது என்பதையும், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளின் ஓரத்தில் வாழும் மக்களிடம் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

ஆனால் லாரியில் மரம் ஏற்றுவது செய்து பழகிய வேலை. எப்படிச் செய்வது என்பது ஓட்டுநருக்கு ஏற்கெனவே தெரியும். எவ்வளவு என்பது மட்டுமே பாக்கி. பட்டம் முடித்து வெளியே வருபவரின் நிலை அதுவல்ல. அவருக்கு எப்படி என்பதே தெரியாது. லேத்தமும் அவரோடு பணியாற்றிய சேய்ட்ஸும் பின்னாளில் இதையே எடுத்து ஆராய்ந்தார்கள். புதிதான, சிக்கலான வேலையில் இறங்குபவருக்கு ‘இத்தனை மதிப்பெண், இத்தனை லாபம்’ என்ற இலக்கை விட, ‘இந்த வேலையைச் செய்ய இத்தனை வழிகளைக் கண்டுபிடி’ என்ற கற்றல் இலக்கே நன்றாக உதவுகிறது என்று கண்டார்கள். முடிவைப் பற்றிய எண் அவரைப் பதற வைக்கிறது. கற்றல் இலக்கு அவரைத் தேட வைக்கிறது.

குன்னத்துப் பையனிடம் இருந்தது இரண்டாவது வகை. பெரிய வித்துவான் ஆவது, இத்தனை நூல் பதிப்பிப்பது என்றெல்லாம் அவர் வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. காரணம், அவர் வாழ்நாள் வேலையாக மாறப்போகிற நூல்களின் உள்ளடக்கம் அவருக்கு மட்டுமல்ல, அவருடைய ஆசிரியர்களுக்கே பழக்கம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கேள்விதான்: இந்த ஊரில் கற்க வேண்டியது முடிந்துவிட்டதா, அப்படியானால் மேலே தெரிந்தவர் யார்?

அந்தக் கேள்வி எங்கே கொண்டு போய் விட்டது என்பது தமிழ் நாட்டுக்கே தெரிந்த கதை என்றாலும், குறிக்கோள் பற்றிப் பேசும்போது அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மகாவித்துவான் 1876 பிப்ரவரி 1 அன்று மறைந்தார். 1880இல் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சர்க்கார் கல்லூரியில் வேலை. இன்றைய கணக்கில் ‘செட்டில்’ ஆகிவிட்டார். குறிக்கோள் அங்கேயே நிறைவேறிவிட்டது என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியல் வந்தது. கேட்டவர் அசரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. மணிமேகலை? சிலப்பதிகாரம்? அவையும் இல்லை. ஊரெல்லாம் புகழ்ந்த படிப்பு ஒரே சந்திப்பில் அரைகுறை என்று ஆகிவிட்டது. இருபத்தைந்து வயது ஆசிரியருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதை, நேர்முகத் தேர்வில் ஒரு கேள்விக்கு விழித்து நின்ற எவரும் உணர்வார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் பட்டதாரிகள் உற்றுப் பார்க்க வேண்டும். முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதியை வாங்கிவந்து படிக்கத் தொடங்கினார். புரியவில்லை. அது சமண நூல். சமணக் கொள்கை தெரியாமல் நகர முடியாது. கல்லூரி ஆசிரியர் என்ற பெருமையைத் தள்ளி வைத்துவிட்டு, கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போனார். சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் பழகிய பழக்கம்தான்: தெரிந்தவர் யார், அவர் வீடு எங்கே. ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887இல் சிந்தாமணி அச்சானது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. குன்னத்தில் இருந்தபோது ஐந்தாண்டுத் திட்டம் எழுதச் சொல்லியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட அந்தத் தாளில் இருந்திருக்காது.

விட்டுவிட்டதும் இந்தக் கதையில் உண்டு. மகன் இசை கற்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே இசை கற்கும் வாய்ப்பும் வாய்த்தது. அதைவிடப் பெரிய வாய்ப்பு அந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் மகாவித்துவானுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் இசைப் பாடத்தை நிறுத்திக்கொண்டார். அந்த ஆசிரியர் அப்படி நினைத்தது நியாயமா என்று இன்று விவாதிக்கலாம். ஆனால் இரண்டு நல்ல விஷயங்களில் ஒன்றை மாணவர் தெரிந்தே விட்டார். குறிக்கோள் பட்டியலில் பத்து வரி எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்யத் தயங்குவது இதைத்தான். வங்கித் தேர்வு, குரூப் 4, எம்.பி.ஏ., வெளிநாடு, சொந்தத் தொழில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு எதற்கும் முழு மாலை ஒன்றைக்கூடத் தராத பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சோம்பல் இல்லை. எதையும் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வயது கடந்துவிட்டது என்று நினைப்பவருக்கு அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார், முப்பது வயதில் இந்தியா வந்து, அதன் பிறகுதான் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய அவர் வீரமாமுனிவராகத் தேம்பாவணி பாடினார்; 1732இல் சதுரகராதி தொகுத்தார்.

இதையெல்லாம் சொல்லும் மேடை, அரியலூரில் இன்னொரு பெயரைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. குழுமூர் அனிதா. பிளஸ் 2 தேர்வில் 1200க்கு 1176. மருத்துவராவதுதான் குறிக்கோள், அதற்கு வேண்டிய உழைப்பும் இருந்தது. 2017இல் விதி மாறியது, நீட் நுழைவுத் தேர்வு வந்தது, மருத்துவ இடம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த செப்டம்பரில் இந்த மாவட்டம் அவரை இழந்தது. மன உறுதி இருந்தால் எதுவும் கைகூடும் என்று மேடையில் முழங்குபவர்கள் குழுமூருக்கு என்ன பதில் சொல்வார்கள்? தனி மனிதரின் குறிக்கோளுக்கு வெளியே விதிகள் இருக்கின்றன, கட்டணம் இருக்கிறது, ஊருக்கும் நகரத்துக்கும் இடையிலான தூரம் இருக்கிறது. அவை வழியை மறிக்கும்போது, தோற்றது தானே என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்வது பெரிய அநியாயம். அவற்றை மாற்றுவது எல்லோருடைய வேலை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். ஒரு தேர்வு முடிவு நெஞ்சை அழுத்தும் நாளில் யாரிடமாவது பேசிவிட வேண்டும்: வீட்டில், நண்பரிடம், ஆசிரியரிடம், அவர்களிடம் முடியாவிட்டால் 104 என்ற எண்ணில். எந்தக் குறிக்கோளும் அதை வைத்திருக்கும் பிள்ளையை விடப் பெரியது இல்லை.

இனி நாளைக் காலைக்கு.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடும் குடும்பத்திலிருந்து வந்து இன்று பட்டம் வாங்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். ‘வெங்காயத்தில் நல்ல லாபம் பார்க்க வேண்டும்’ என்பது அவருடைய ஆசை. அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் ஒன்றும் செய்ய முடியாது. விலை அவர் கையில் இல்லை. ஆனால் பட்டறையில் போட்ட வெங்காயத்தில் எத்தனை நாளில் எவ்வளவு அழுகுகிறது, எடை எவ்வளவு குறைகிறது என்று இந்தப் பருவம் முழுக்கக் குறித்து வைப்பது அவர் கையில் இருக்கிறது. கோழிக்கால் நோய் எந்த வயலில், எந்த விதையில், எந்த மழைக்குப் பிறகு வந்தது என்று பத்து விவசாயிகளிடம் கேட்பது அவர் கையில் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டோடு வேளாண் அலுவலகத்துக்குப் போனால் அவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து முடிவு செய்வது முக்கியம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன மாணவர்களிடம் சின்ன வேலை ஒன்றைக் கொடுத்தார்: பண்டிகைக்கு முந்தின மாலை எப்படிக் கழிந்தது என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நேரமும் இடமும் சொன்னவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் அனுப்பினார்கள். சொல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்கு. ‘தினமும் படிப்பேன்’ என்பவரை விட, ‘இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், திண்ணை விளக்கடியில், ஒரு பழைய வினாத்தாள்’ என்பவர் படித்துவிடுகிறார். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை இன்று இரவே தொடங்கலாம். செலவு எதுவும் இல்லை.

1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் சாமிநாதையருக்கு கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. வாழ்க்கையில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்திராதவர், 77 வயதில் பட்டம் பெற்றார். அதன் பிறகும் ஓயவில்லை. 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முடியாமல் நின்றது. எழுதிய வரையில் ஒருவரையும் விடவில்லை. சடகோபையங்கார், சிதம்பரம் பிள்ளை, கஸ்தூரி ஐயங்கார், விருத்தாசல ரெட்டியார் என்று, ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்த் திண்ணைகளில் தமக்குச் சொல்லித்தந்தவர்களைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, யார் எதைக் கற்பித்தார் என்பதோடு குறித்து வைத்தார். இன்று மாலை, கையில் பட்டச் சுருளோடு குன்னம் பஸ்ஸில் ஏறும் சிலர் அந்த ஊர்களைத் தாண்டித்தான் வீடு போய்ச் சேர்வார்கள்.